‘அல்லது’ என்னும் சொல்

இலக்கணம் வகுப்பறைக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம் யாம். ஒரு சிறு சொல் ஒரு முதியவரின் முழங்காலுக்காக வழக்காடவும் கூடும் என்பதை, எம் தந்தையாரின் தகரப் பெட்டிதான் எமக்குக் கற்பித்தது.

எம் தந்தையார் 1976ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சேரும் நாளில் அவர் உடலில் யாதொரு குறையும் இல்லை என்றே படை மருத்துவர் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழப் பத்தாயிரம் அடி உயரமுள்ள தவாங் மலைப்பகுதியில், முதுகில் சுமையோடு ஏறியிறங்கிய காலத்தில் முழங்கால் வலி தொடங்கியது. மூட்டின் குருத்தெலும்பு தேயும் நோய் அது. ஓய்வு பெறும்போது கூடிய மருத்துவக் குழு, ஊனத்தை 20 விழுக்காடு என மதிப்பிட்டது. ஆயினும், ‘உடலமைப்பினால் நேர்ந்தது, படைப்பணியால் விளைந்ததன்று’ என்று முடித்துவிட்டது. 2001இல் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

மறுப்புக் கடிதத்தைத் தந்தையார் எவரிடமும் காட்டவில்லை. பெயரப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து உண்ண இயலாமல், நாற்காலியில் தனித்து உண்டார். 2012இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அக்கடிதம் எம் கைக்கு வந்தது.

“கொடுக்க மனமிருந்தால் அன்றே கொடுத்திருப்பார்கள். இந்த வயதில் என்னைக் கையேந்தச் சொல்கிறாயா?” என்றார்.

“கையேந்த வேண்டாம் அப்பா. தவறாக எழுதிய வாக்கியத்தைத் திருத்தச் சொல்வோம்” என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “திருத்துவது உன் தொழில்தானே, செய்” என்றார்.

1961ஆம் ஆண்டின் படைத்துறை ஓய்வூதிய விதிகளைத் தேடிப் படித்தோம். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். அது படைப்பணியால் விளைந்ததாகவோ அல்லது படைப்பணியால் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் வேண்டும் என்று விதி கூறவில்லை. இரண்டில் ஒன்று போதும். மறுப்புக் கடிதமோ ‘விளைந்ததன்று’ என்ற ஒன்றை மட்டும் உரைத்து, ‘மிகுந்ததா’ என்ற வினாவைத் தொடவே இல்லை. பிறவியிலேயே வலுக்குறைந்த மூட்டு என்றே வைத்துக்கொண்டாலும், இருபத்து நான்கு ஆண்டுப் பணி அதை மேலும் தேய்க்கவில்லையா? இதற்கு விடை எழுதப்படவில்லை.

இவ்வளவு அறிந்தும் யாம் ஒரு பிழை செய்தோம். முதல் மேல்முறையீட்டை நான்கு பக்கங்களில், தியாகம், பனிமலை, இளமை என்று அடைமொழிகள் நிறைய எழுதினோம். அது தள்ளுபடியானது. படைப்பிரிவில் எழுத்தராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதன் நகலைப் படித்துவிட்டு, “சார், கண்ணீர் நிறைய இருக்கிறது, தேதி ஒன்றுகூட இல்லையே” என்றார். மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மை தீட்டிப் பழகிய எமக்கு அன்று விழுந்த சிவப்புக் கோடு அது.

பிறகு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஆவணங்களைக் கேட்டுப் பெற்றோம். சேர்க்கையின்போது எழுதிய மருத்துவக் குறிப்பு, வலிக்கு முதன்முதல் மருத்துவம் பெற்ற நாள், அப்போது பணியாற்றிய இடம், இறுதி மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே தாளில் நாள்வரிசைப்படி எழுதினோம். அதற்குள் 2013இல், தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்திருந்தது. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையெனில் வீரர் நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ள வேண்டும். பணி காரணமன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. ஐயத்தின் பயன் வீரருக்கே உரியது. மருத்துவக் குழு தன் முடிவுக்குக் காரணம் கூற வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம்.

2014இல், படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு அளித்தோம். 2016இல் ஆணை வந்தது. நோய் படைப்பணியால் மிகுந்தது என ஏற்கப்பட்டது. விதிப்படி 20 விழுக்காடு 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்பட்டது. ஆனால் நிலுவைத் தொகை, மனு அளித்த நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. காலந்தாழ்ந்து வருவோர்க்கு அவ்வளவே என்பது தர்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை. 2000 முதல் 2011 வரையிலான ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே கழிந்து போயின. மௌனத்திற்கு அவர் கொடுத்த விலை அது.

தொகை எவ்வளவு என்று தந்தையார் கேட்கவில்லை. “என்ன எழுதியிருக்கிறார்கள்? அதைத் தமிழில் சொல்” என்றார். ‘படைப்பணியால் மிகுந்தது’ என்று படித்தோம். மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பின்பு முழங்காலைத் தடவியபடியே நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் சிலர் வீட்டிலும் இத்தகைய தகரப் பெட்டி இருக்கக்கூடும். அன்பு கூர்ந்து திறந்து பாருங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு திங்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். 2023 செப்டம்பர் 21க்குப் பின் ஓய்வு பெற்றோர்க்குப் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளமையால், எவ்விதி தமக்குப் பொருந்தும் என்பதை முதலில் தெளிந்து கொள்ளுங்கள். கடிதம் எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். யாம் கற்ற இலக்கணத்தால் எம் வீட்டுக்கு விளைந்த நன்மை அதுவே.