தலையாட்டும் தாத்தா

மலர்க்குழு நண்பர்கள் ஹாஸ்டல் ரூமுக்கே வந்துவிட்டார்கள். "ஆண்டு விழாவுல நாடகம் போட்டியே, அதையே கட்டுரையா எழுதிக் குடு மச்சி. ரெண்டு பக்கம் வந்தா போதும்" என்றார்கள். எழுதிவிடலாம். ஆனால் ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதை என்னுடையது இல்லை. டென்மார்க் நாட்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1845-இல் எழுதியது. அதைக் கெடுத்தது மட்டும்தான் அடியேன் வேலை. எப்படிக் கெடுத்தேன், யார் அதைக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு தேவதைக் கதைப் புத்தகத்தில்தான் அது கிடைத்தது. தீக்குச்சி விற்ற சிறுமி, அசிங்கமான வாத்துக்குஞ்சு எல்லாம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அவற்றை எழுதிய அதே ஆண்டர்சன்தான். அப்பா செருப்புத் தைத்தவர், அம்மா துணி வெளுத்தவர். இந்தக் கதை மட்டும் ஏனோ அவ்வளவாக யாருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் நண்பர்களே, ஏனென்றால் இதில் வருகிறவர்கள் எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட். பீங்கான் பொம்மைகள்!

ஒரு வீட்டில் கண்ணாடிக்குக் கீழே ஒரு மேஜை. அதன்மேல் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி, பீங்கான். செருப்பில் தங்கம், இடுப்பில் தங்கம், கையில் வளைந்த கோல். அவளுக்குப் பக்கத்தில் புகைபோக்கி துடைக்கும் பையன், அவனும் பீங்கான். உடம்பெல்லாம் கரிக்கறுப்பு, முகம் மட்டும் ரோஜா நிறம். கரித்துண்டைக் கண்ணால் கண்டிராத முகம். ஒரு கறுப்புப் பொட்டாவது வைத்திருக்கலாம் என்று ஆண்டர்சனே கேலி செய்கிறார். பக்கத்துப் பக்கத்தில் வைத்ததால் இருவருக்கும் காதல். இருவரும் ஒரே மண், இருவரும் ஒரே மாதிரி உடையக் கூடியவர்கள் என்று கதையில் வருகிறது. அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் பின்னால்.

அதே மேஜையில் ஒரு சீனக் கிழவர். அவரும் பீங்கான், தலையாட்டுகிற பொம்மை. 'நான் உனக்குத் தாத்தா முறை' என்று அவரே சொல்லிக்கொள்வார், ஆதாரம் கிடையாது. எதிரே பழைய மர அலமாரி. அதில் செதுக்கிய ஆட்டுக்கால் ஆசாமி ஒருவன், பெயரே அரை முழம், மேஜர் ஜெனரல் என்று என்னென்னவோ பட்டங்கள். அவன் இந்தப் பெண்ணைக் கேட்கிறான், தாத்தா தலையாட்டிவிடுகிறார். அலமாரிக்குள் அவனுக்கு ஏற்கெனவே பதினோரு பீங்கான் மனைவிகளாம். 'நீ பன்னிரண்டாவதாகப் போ' என்று சொல்லிவிட்டுக் கிழவர் தூங்கிப் போகிறார். தலையாட்டுவதில்தான் எத்தனை சுலபம் பாருங்கள்!

அன்று ராத்திரியே இருவரும் ஓடுகிறார்கள். கீழே ஒரு டிராயரில் ஒளிகிறார்கள். அங்கே பொம்மை நாடகம் நடக்கிறது, அதுவும் சேர விடாத காதலர் கதை. அவள் அழுகிறாள், 'இது என் கதை, என்னால் பார்க்க முடியாது' என்கிறாள். பிறகு அடுப்புக்குள் புகுந்து புகைபோக்கி வழியாக மேலே மேலே ஏறுகிறார்கள். உச்சியில் ஒரு நட்சத்திரம் வழி காட்டுகிறது. வெளியே வந்து பார்த்தால் தலைக்கு மேல் வானம், காலடியில் ஊரின் கூரைகள். உலகம் இவ்வளவு பெரிதா! அவளுக்குத் தாங்கவில்லை. இடுப்புத் தங்கமெல்லாம் கரைந்து ஓடும்படி அழுகிறாள். 'என்னை மறுபடியும் மேஜைக்கே கூட்டிக்கொண்டு போ' என்கிறாள்.

(இந்த இடத்தில் நம்ம ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். கில்ட் டெக்கரேஷனை எழுநூறு, எண்ணூறு டிகிரியில் மறு சூளை வைத்து எடுத்திருந்தால் கண்ணீருக்கெல்லாம் தங்கம் போகாது. ஆண்டர்சனுக்குச் சூளை ஞானம் கொஞ்சம் கம்மி.)

இறங்கி வந்து பார்த்தால், துரத்த முயன்ற தாத்தா மேஜையிலிருந்து விழுந்து மூன்று துண்டாகக் கிடக்கிறார். வீட்டுக்காரர்கள் முதுகை ஒட்டி, கழுத்தில் ரிவெட் அடித்து நிறுத்துகிறார்கள். ஆட்டுக்காலன் மறுபடியும் கேட்கிறான். தாத்தாவால் தலையாட்ட முடியவில்லை. கழுத்தில் ரிவெட் இருப்பதை அந்நியனிடம் சொல்லவும் வெட்கம். அதனால் அந்த இருவரும் உடையும் வரை ஒன்றாகவே இருந்தார்கள். கதை அவ்வளவுதான்.

இதை அப்படியே போட்டால் நம்ம பசங்க ஆறிப்போன மெஸ் பொங்கலைப் பார்ப்பது போல்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனவே ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். மேஜை போய் நவராத்திரி கொலுப்படி வந்தது. சீனக் கிழவர் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஆனார். ஆடு மேய்ப்பவள் மோர்க்காரி ஆனாள். பையன் தோளில் ஏணியோடு நம்ம விருத்தாசலம் சூளைக்காரன். ஆட்டுக்காலன், தேக்கு பீரோவில் செதுக்கிய ஜமீன்தார். மோர்க்காரியாக முதலாமாண்டுத் தம்பி ஒருவன் நடித்தான். பவுடர் பூசிய முகத்துக்கு வந்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏழெட்டு ஓட்டை சாகர்களை அடுக்கிப் புகைபோக்கி. சீரியல் செட் பல்பு நட்சத்திரம்.

முடிவையும் மாற்றினேன். ஓடிப்போனவள் திரும்பி வருவதாவது! கோழைத்தனம் இல்லையா? என் மோர்க்காரி உச்சியிலிருந்து உலகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் கை கோத்துக் குதித்தார்கள், மணிமுத்தாற்று மணலில் இறங்கினார்கள், நடந்தே போய்விட்டார்கள். அத்தனை உயரத்திலிருந்து குதித்தால் பீங்கான் என்ன ஆகும் என்று நம் லேப் அசிஸ்டெண்ட் அண்ணனைத் தவிர யாரும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. இரண்டாம் பரிசு கிடைத்தது, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அன்று மூன்றாவது வரிசையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இனி நான் எழுதுவதெல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது. "பேரு மட்டும் போடாத" என்றாள். போடவில்லை.

அக்கா பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். நம் செராமிக் பேட்டைப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. பிள்ளையார், கிருஷ்ணர், கொலு செட் எல்லாம் அவள் கையால்தான் பார்வை பெறும். அதே யூனிட்டில் ஒருவர் மோல்டில் ஸ்லிப் ஊற்றுவார். ஊற்றி, காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்து, ஈரப் பொம்மையை விரல் படாமல் எடுத்து அவள் பக்கத்துப் பலகையில் வைப்பார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பது ஆண்டர்சனுக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. அப்பா வேறொரு யூனிட்டில் சூளை பார்ப்பவர். தீயின் நிறத்தை வைத்தே டிகிரி சொல்லுவார். அவருக்குத் தெரிய வந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவருக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

இருவரும் ஒரே மண்தான். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வரவில்லை. ஜங்ஷனில் விழுப்புரம் வண்டி ஏறியதைப் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அப்பா டி.வி.எஸ். பிப்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், எங்கே போனார் என்று இன்று வரை சொன்னதில்லை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா வந்தாள். அவளோடு அவரும் வந்தார், வாசல் வரைக்கும். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பி நடந்தார். அடுத்த வாரமே குஜராத்தில் மோர்பிக்கு டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

பாதி வழி போய்த் திரும்பி வந்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம். தியேட்டரில் பார்த்த படங்களெல்லாம் எனக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தன. அந்தக் கோபத்தில்தான் நாடகத்தின் முடிவை மாற்றினேன் என்று இப்போது தெரிகிறது, எழுதும்போது தெரியவில்லை.

நாடகம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள்:

"நல்லா இருந்துச்சுடா. அசல் கதையிலயும் அப்படியே குதிச்சுப் போயிடறாங்களா?"

"இல்லக்கா. அதுல அவ பயந்துட்டுத் திரும்பி வந்துடுவா."

"அவன்?"

"அவனும் கூட வருவான்."

"திட்டுவானா?"

யோசித்துப் பார்த்தேன். கதையில் அவன் அவளுக்கு எவ்வளவோ எடுத்துச் சொல்கிறான். அந்தக் கிழவரையும் ஆட்டுக்காலனையும் நினைவுபடுத்துகிறான். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள், அவனை முத்தமிடுகிறாள். பிறகு அவனுக்கு வேறு வழியில்லை, எவ்வளவோ கஷ்டப்பட்டு ஏறிய அதே புகைபோக்கி வழியாக அவளை இறக்கிக் கூட்டி வருகிறான். ஒரு சுடுசொல் கிடையாது.

"திட்ட மாட்டான்" என்றேன்.

"அப்புறம் அதை ஏன்டா வெட்டின?"

என்னிடம் பதில் இல்லை. அவளே பேசினாள். விழுப்புரம் பிளாட்பாரத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது அவளுக்கு நடுக்கம் எடுத்துவிட்டதாம். எந்த ஊர், எந்தத் தெரு, யார் கதவைத் திறப்பார்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. நம் ஊரில் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் புதுக்கூரைப்பேட்டை என்ற பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஜூலையில் இருவரையும் பிடித்து வந்து விஷம் கொடுத்துக் கொன்றார்கள். அவர் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். கடலூர் நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்க 2021 ஆயிற்று, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2025 ஆயிற்று. நான் பிறப்பதற்கு முன் நடந்தது, அக்கா அப்போது கைக்குழந்தை. இருந்தும் அந்தக் கதை கேட்டு வளர்ந்தவள் அவள். நான் காதில் வாங்காமல் வளர்ந்தவன்.

"எனக்கு ஏதாவது ஆகும்னு பயப்படலடா. அவருக்கு ஆயிடும்னு பயந்தேன். திரும்பிப் போயிடலாம்னு சொன்னேன். 'சரி, வா'ன்னார். அவ்வளவுதான். உளுந்தூர்பேட்டை வழியா பஸ் பிடிச்சோம். தெருமுனையிலேயே போயிடுங்கன்னு கெஞ்சினேன். கேக்கல. வாசல் வரைக்கும் வந்தார். அன்னிக்கு அப்பா வீட்ல இருந்திருந்தா? மாமாங்க இருந்திருந்தா? குதிக்கறது ஒரு பெரிய விஷயமாடா? அந்த வாசல் வரைக்கும் வந்தாரே."

பஸ் வந்துவிட்டது. ஏற்றிவிட்டேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி ஒரு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்கா தூங்குவதுபோல் படுத்திருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அடிக்கவில்லை, கத்தவில்லை. மறுநாள் முந்திரிக்காரர் வீட்டிலிருந்து தேதி குறிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அவர்கள் என்ன கேட்டாலும் சூளைக்கண்ணைப் பார்ப்பவர் மாதிரி எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பின் வந்த இரண்டு வரன்களுக்கும் இதே கதிதான். கழுத்தில் கம்பி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் அப்பா அதற்குப் பிறகு யாருக்கும் தலையாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மோர்பியிலிருந்து போன் வரும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன் என்று வெளியே போய்விடுவார். எங்கள் வீட்டில் மாடு கிடையாது, விற்று வெகு நாளாகிறது.

மலருக்காக நாடகத்தைத் திரும்ப எழுதியபோது ஆண்டர்சனின் முடிவையே வைத்துவிட்டேன். மோர்க்காரி அழுகிறாள், சூளைக்காரன் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வருகிறான், தாத்தாவின் கழுத்து அசையவில்லை. போன லீவில் அதை அக்காவிடம் கொடுத்தேன். கையில் ஈர பிரஷ்ஷோடு நின்றபடியே படித்தாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"மேலே போனதும் வானம் பூரா நட்சத்திரம் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கியே, அதை எடுத்துடு. எனக்கு டியூப்லைட்டும் கொசுவும்தான் தெரிஞ்சுது."