ஓரிரு இடங்களில்

மாசி பிறந்த முதல் வாரம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேரன் ஊட்டியிலிருந்து கூப்பிட்டான். அந்த நேரத்தில் போன் அடித்தால் எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் வயிறு கலங்கும்.

"அய்யா, பயப்படாதீங்க, சும்மாதான். ராத்திரி பூரா பேய்க்காத்து. உருளைக்கிழங்குச் செடி அவ்வளவுதான்னு நினைச்சுப் பொட்டுத் தூக்கம் இல்ல. இப்ப வந்து பாத்தா ஒரு இலைக்கும் ஒண்ணும் ஆகல."

"காத்து நின்னா கூப்புடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவனுக்குப் புரிந்திருக்காது. அவன் வயதில் எனக்கும் புரியவில்லை. அவனுக்கும், அவனைப் போல வெளியூரில் முதல் வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகளுக்குமாக இதை எழுதுகிறேன்.

எங்கள் திருமயத்தில் பனி நனைக்கும், உறையாது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் எங்கள் மாசி இரவு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வானிலைத் துறை சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க, இரவு வெப்பம் 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கியிருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தும் இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி இங்கே குளிர்கிறது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் சுருண்டிருக்கிற பெரியவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

இப்படிப்பட்ட ஊரிலிருந்து, இருபத்திரண்டு வயதில், 1970களில், நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாற்றங்கால் பார்க்கிற வேலைக்குப் போனேன். பாலித்தீன் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். கொஞ்சம் மேட்டில், மீதி பள்ளத்தில். இரவில் மிலாரும் காய்ந்த புல்லும் போட்டு மூடி, காலையில் எடுக்க வேண்டும். ஜனவரி மாதம். நாலு நாள் விடாமல் காற்று அடித்தது. தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொள்ளும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நாலு ராத்திரியும் ஓடினேன். பறக்கிற மிலாரைப் பிடித்துக் கட்டுவதும், அது மறுபடி பறப்பதும்தான் வேலை. ஐந்தாம் நாள் பொழுது சாய்ந்ததும் காற்று ஓய்ந்தது. மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஊரில்கூட அப்படி நட்சத்திரம் பார்த்ததில்லை. "இன்னைக்கு எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க" என்று ஆட்களை அனுப்பிவிட்டு நானும் படுத்துவிட்டேன்.

காலையில் பள்ளம் முழுக்க உப்புக் கொட்டினது போல வெள்ளை. முதன்முதலாகப் பார்க்கிறவனுக்கு அது அழகு. நான் ரசித்தேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. எட்டு மணி வரை கன்று பச்சையாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற இலை துவண்டு, பதினொரு மணிக்குப் பழுப்பானது. மறுநாள் தொட்டால் வறுத்த இலை போல நொறுங்கியது. மேட்டில் ஒன்றுக்கும் சேதமில்லை. பள்ளத்து நாலு பாத்தியும் போச்சு. வயதான மேஸ்திரி ஒருவர் திட்டவில்லை. பாத்தியோரம் குந்தி ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் காத்து நம்ம ஆளுய்யா" என்றார்.

அதன் காரணம் பின்னால் விளங்கியது. பகலில் வாங்கின சூட்டை மண் ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் போர்வை போலத் தடுக்கும். மேகமில்லாவிட்டால் தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டின காற்றையும் குளிர்விக்கும். நாலு ஆள் உயரத்தில் காற்று இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காற்று வீசினால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் கலந்து செடி தப்பிக்கும். வீசாவிட்டால் குளிர்ந்த காற்று கனத்துப் போய், தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி என்று ஆண்டுதோறும் அதே பெயர்கள் செய்தியில் வருவது இதனால்தான்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் குளிர்காலத்தில் ஒரு வாக்கியம் சொல்லும்: நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனி ஏற்பட வாய்ப்பு. கேலி பேசாத ஆள் கிடையாது. ஓரிரு இடங்கள் என்பதற்கு அவர்களிடம் கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் இருக்கிற நிலையங்களில் நாலில் ஒரு பங்கு வரைக்கும். ஆனால் அந்த ஓரிரு இடம் எது என்று சென்னையிலிருந்து சொல்ல முடியாது, சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. உன் பள்ளம்தானா அது என்று உனக்குத்தான் தெரிய வேண்டும். இன்னொன்று: நிலையத்துத் தெர்மாமீட்டர் தரையில் கிடக்காது. நாலடி உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் இருக்கும். அது 3 டிகிரி காட்டுகிற ராத்திரியில் புல் நுனியில் பனி உறைந்திருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

திருமயத்திலும் இந்த ஓரிரு இடங்கள் உண்டு. கிழவன் சேதுபதி 1687இல் கோட்டை கட்டின அந்தப் பாறை, பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, இருட்டின பிறகும் முதுகு சாய்த்தால் சூடாக இருக்கும். அதை ஒட்டின தெருவில் விடிகாலைத் திண்ணை காய்ந்திருக்கும். கண்மாய்க்குக் கீழே தாழ்ந்த வயலில் இறங்கினால் முழங்கால் வரை வேட்டி நனையும். சம்பா அறுத்துப் போட்ட உளுந்தில் சாம்பல் நோய் முதலில் தட்டுவது அந்தத் தாழ்ந்த மூலையில்தான். வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்து விதைதான், ஒரே பையில் எடுத்துத் தெளித்ததுதான். மேட்டு வயல்காரர் தன் செடியைப் பார்த்துவிட்டு, பள்ளத்துக்காரரைச் சோம்பேறி என்பார்.

வாடை ஓய்ந்து தென்றல் இன்னும் வந்து சேராத நாட்கள் இவை. பின்பனிக் காலம் என்று பெரியவர்கள் பெயர் வைத்தது மாசி, பங்குனிக்கு. காற்று எந்தப் பக்கத்து ஆள் என்றே தெரியாத பருவம்.

காற்று எப்போதும் நம்ம ஆள் என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மாவட்டத்துக்குள் புகுந்து வந்ததை யாரும் மறக்கவில்லை. கீரமங்கலம், வடகாடு பக்கம் பிள்ளை போல வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. புயல் வருகிறது என்று நாள்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கடற்கரைக்காரர்களுக்குச் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அங்கேயும் அதே தவறுதான். சொன்ன ஊரில் நம் ஊரைச் சேர்க்காமல் விட்டது.

சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பத்தா படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில். அவள் சத்தம் போட்ட நாட்களில் நான் பயந்ததே கிடையாது. பாத்திரம் உருளும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், சாயங்காலம் காப்பி வந்துவிடும். ஒரு தடவை அவளைக் கேட்காமல் அவள் நகையை அடகு வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், மோர் ஊற்றினாள், விளக்கை அணைத்தாள். அப்பாடா என்று நானும் தூங்கிவிட்டேன். அதைச் சரிக்கட்ட எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

முதல் போன் வந்த மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி கூப்பிட்டான்.

"அய்யா, காத்து நின்னுடுச்சு."

"வானம்?"

"பளிச்சுனு இருக்கு."

"பள்ளத்துல எத்தனை பாத்தி?"

"ஆறு. ஸ்பிரிங்ளர் இருக்கு."

"உறையறதுக்கு முன்னாடியே திறந்துடு. தண்ணி உறையும்போது கொஞ்சம் சூட்டை விடும், அதுதான் இலையைக் காப்பாத்தும். நடுவுல நிறுத்தினா திறக்காம இருந்ததைவிட மோசம். வெயில் வந்து அந்த ஐஸ் கரையற வரைக்கும் ஓடணும். டீசல் இருக்கா பாத்துக்க."

வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். இங்கேயும் வேப்பிலை அசையவில்லை. தகரத்தில் பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "பனி இறங்குது, இங்க என்ன ஒக்காந்து கெடக்கீங்க" என்று அவள் ஒரு துண்டைக் கொண்டுவந்து தலையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. எடுத்தேன். அவன் பேசவில்லை. போனைப் பாத்திப் பக்கம் நீட்டியிருப்பான் போல. சிக் சிக் சிக்கென்று ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது.