உள்ளத்துக் கைகாட்டி

சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இருப்புப்பாதையும், மும்பையிலிருந்து பிரயாக்ராஜுக்குச் செல்லும் இருப்புப்பாதையும் கூடும் இடம் இட்டார்சி. மத்தியப் பிரதேசத்தில், நருமதை ஆற்றுக்குத் தெற்கே அமைந்த நகரம் அது. கோடை விடுமுறையில் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஊருக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அந்நிலையத்தில் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறியிருப்பார்கள். நிலையத்துக்கு அப்பால் உள்ள ரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்துவந்தது. அக்குடும்பத்தின் மூத்த மகள் ஏழாம் வகுப்பு மாணவி. அவளுடைய தந்தை சோலையார்பேட்டையைச் சேர்ந்தவர். சரக்கு வண்டி ஓட்டுநர். அப்பணியில் இருப்போரை இப்போது லோகோ பைலட் என்று அழைக்கிறார்கள்.

சரக்கு வண்டிக்கு நேரக் கணக்கு உறுதியாக இருப்பதில்லை. பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு, ஏதேனும் ஒரு சிறு நிலையத்தின் லூப் தடத்தில் மணிக்கணக்காக அது நின்றிருக்கும். இட்டார்சியிலிருந்து நாகபுரிக்குச் செல்லும் பாதையோ சாத்புரா மலைத்தொடரைக் கடந்து செல்வது. அந்த ஏற்றத்தில் கனமான வண்டிகளைத் தள்ளிவிடப் பின்புறம் கூடுதல் எஞ்சின்களை இணைப்பதும் உண்டு. ஆகவே, இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவதாகச் சொன்னவர் விடியற்காலை நான்கு மணிக்கு வருவது புதுமையன்று.

ஒரு மழைக்கால இரவில் அப்படித்தான் நிகழ்ந்தது. தந்தை வரவில்லை என்று மகள் அவருடைய அலைபேசிக்கு அழைத்தாள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டியை ஓட்டும்போது அலைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது பணி விதி; அவளும் அதை அறிவாள். அறிந்திருந்தும் என்ன பயன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? மலைச்சரிவில் மண் சரிவதாகவும், பெட்டிகள் கவிழ்வதாகவும் அவள் உள்ளம் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகளை வரைந்தது. விடியும்வரை அவள் உறங்கவில்லை. தந்தை நலமாகவே வந்து சேர்ந்தார். வண்டி லூப் தடத்தில் நின்றிருந்தது, அவ்வளவே.

அன்றோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அதன்பின், தந்தை பணிக்குச் சென்ற இரவுகளிலெல்லாம் கடிகாரம் பத்தைத் தாண்டியதும் அவளுடைய கை தானாகவே அலைபேசியைத் தேடியது. எண்களை அழுத்தும்போது, ஏதோ ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற ஆறுதல் ஒரு கணம் தோன்றும். அடுத்த கணமே அச்சம் முன்னிலும் பெரிதாக எழும். மீண்டும் அழைப்பாள். அந்த ஒரு கணத்து ஆறுதல்தான் பழக்கத்துக்கு நீர் வார்ப்பது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்னும் பழமொழியைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், தொட்டிலுக்கு வெகுகாலம் பின்னரும் பழக்கங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அச்சப்படுவதும் அவற்றுள் ஒன்றாகிவிடக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வகுப்பில் அவள் உறங்கிவிழுந்தாள். தம்பியிடம் காரணமின்றிச் சினந்தாள். தந்தை தம் இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போதெல்லாம் கண் கலங்கினாள்.

ஒருநாள் தந்தை நாகபுரியில் பணி முடித்து, ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமுக்குச் சென்று அலைபேசியைத் திறந்தார். வீட்டிலிருந்து இருபத்து மூன்று அழைப்புகள். வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று அவருக்கு நாக்கு உலர்ந்தது. அழைத்துப் பேசிய பின்னர்தான் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆயினும், அன்று பகல் முழுவதும் அவரால் உறங்க இயலவில்லை. உறங்காத ஓட்டுநர் மறுபடியும் இரவில் வண்டியை எடுக்க வேண்டும். மகளின் அச்சம், அவள் எதற்கு அஞ்சினாளோ அதற்கே வழி திறக்கும் நிலைக்கு வந்திருந்தது.

வீடு திரும்பியதும் அவர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. ஓய்வு நாளின் மாலையில் வாசலில் அமர்ந்து, தம் தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "பாப்பா, பாரம் ஏற்றிய சரக்கு வண்டியின் எடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5,000 டன். பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தால் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே மஞ்சள் காட்டுகிறார்கள். இரட்டை மஞ்சள் என்றால் கவனம். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த விளக்கில் நிற்க ஆயத்தமாகு."

பிறகு இன்னொன்றையும் சொன்னார். ஒவ்வொரு விளக்கையும் கண்டவுடன் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளம் வேறெங்கோ சென்றிருக்கக்கூடும். சொல் அதை இழுத்து வந்து நிறுத்தும். "மஞ்சளைப் பார்த்து நாங்கள் அழுவதும் இல்லை, அதோடு சண்டை போடுவதும் இல்லை. மஞ்சள் என்று சொல்வோம். அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்வோம்."

அவர் கற்றுத்தந்த தியானம் மிக எளியது. ரன்னிங் ரூமில் நடந்த வகுப்பு ஒன்றில் அவர் பழகியது. நாள்தோறும் காலையில் பல் துலக்கியபின் ஐந்து நிமிடம் பாயில் நிமிர்ந்து அமர வேண்டும். மூச்சு உள்ளே சென்று வெளியே வருவதை ஒன்று என எண்ண வேண்டும். இப்படிப் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் எண்ணம் ஏதேனும் வந்தால் அதை விரட்டக் கூடாது. கவலை, சினம், நினைவு, திட்டம் என்று அதன் பெயரை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒன்றுக்குத் திரும்ப வேண்டும்.

இம்முறை ஓர் ஓட்டுநரின் கண்டுபிடிப்பு அன்று. எழும் எண்ணங்களைப் பெயரிட்டுக் கவனிக்கும் பயிற்சியைப் பர்மாவைச் சேர்ந்த மகாசி சயாடோ என்னும் பௌத்தத் துறவி பரவலாகக் கற்பித்தார். பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து மூச்சையும் உடல் உணர்வையும் கவனிக்கும் விபாசனாவைக் கற்பித்தார். 1994இல் தில்லியின் திகார் சிறையில் கைதிகளுக்கும் அப்பயிற்சி அளிக்கப்பட்டது. தமிழில் திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தில் மூச்சையும் தியானத்தையும் விரிவாகப் பேசுகிறது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டமும் சில நிமிட மன ஒருமைப்பாட்டுடன்தான் வகுப்பைத் தொடங்கியது.

தியானம் என்றவுடன் தாமரைமேல் கண்மூடி அமர்ந்த உருவமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அப்படம் செய்த தீங்கு சிறிதன்று. எண்ணமே இல்லாத உள்ளத்தை எதிர்பார்த்து அமர்பவர்கள் மூன்றாம் நாளே எழுந்துவிடுகிறார்கள். இச்சிறுமியும் அப்படித்தான். முதல் நாள் அவளால் நான்கைத் தாண்ட இயலவில்லை. குக்கர் சீழ்க்கையடித்தது, கொசு கடித்தது, தம்பி எதிரே அமர்ந்து அவளைப் போலவே மூச்சு வாங்கிக் காட்டினான். நான்காம் நாள், "எனக்கு இது வராது அப்பா" என்றாள்.

"நாகபுரி போவதற்குள் எத்தனை சிக்னல் வரும் என்று நினைக்கிறாய்? ஒவ்வொன்றுக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ நான்கில் விட்டுவிட்டு ஒன்றுக்குத் திரும்பினாய் அல்லவா? அதுதான் பயிற்சி. பத்து வருவது பெரிதில்லை" என்றார் தந்தை.

அவள் தொடர்ந்தாள். சில நாள் மறந்தாள், மறுநாள் அமர்ந்தாள். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் ஒன்றைக் கவனித்தாள். அச்சம் திடீரென வருவதில்லை. முதலில் வயிற்றில் ஒரு பிசைவு. பின்னர் தோள்கள் இறுகும். அதன் பிறகே மண்சரிவுக் காட்சி வரும். அந்தப் பிசைவுதான் மஞ்சள் விளக்கு. காட்சி விரிந்து அழுகை வந்த பின்னர் நிறுத்துவது, ஓடும் சரக்கு வண்டியைக் கையால் பிடிப்பதற்கு ஒப்பாகும். பிசைவின்போதே "கவலை" என்று சொல்லிவிட்டால், அலைபேசியை எடுப்பதா வேண்டாவா என்று எண்ணிப் பார்க்கச் சிறிது இடம் கிடைத்தது. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சின் துடிப்பு சற்றே தணிவது உடலின் இயல்பு. ஆகவே, மெல்ல நீளமாக மூச்சுவிடுவதும் அவளுக்குக் கைகொடுத்தது.

தியானம் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் தந்தை மறைக்கவில்லை. அச்சத்தால் உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும். மருத்துவரைக் காண்பதில் வெட்கம் இல்லை. அவளுக்கும், ஒரு மாதம் பார்த்துவிட்டு ரயில்வே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதென்று தாய் எண்ணியிருந்தார்.

சூலை மாதத்தில் ஓர் இரவு மழை கொட்டியது. மணி பத்தரை. தந்தை வரவில்லை. வயிறு பிசைந்தது. "கவலை" என்றாள். மூச்சை எண்ணினாள். ஆறு வந்தபோது இடி இடித்தது, எண்ணிக்கை போயிற்று. எழுந்து சென்று ஒருமுறை அழைத்தாள். அலைபேசி அணைந்திருந்தது. இரண்டாம் முறை அழைக்க விரல் சென்றது. சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் அலைபேசியை அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்பியின் அருகே சென்று படுத்தாள். உறக்கம் உடனே வரவில்லை. வெளியே ஏதோ ஒரு வண்டி நெடுநேரம் கடந்துகொண்டிருந்தது. அவள் பெட்டிகளின் ஓசையை எண்ணினாள்; எத்தனையில் விட்டாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

தந்தை விடியற்காலையில் வந்தார். நனைந்த காலணிகளைக் கழற்றும்போதே, "ஒரே ஓர் அழைப்புத்தான் இருந்தது. வீட்டில் எல்லாரும் நலந்தானே?" என்று தாயிடம் கேட்டார். அடுக்களையிலிருந்த தாய் முன்னறையைச் சுட்டிக்காட்டினார்.

அங்கே அவள் பாயில் அமர்ந்து ஏழு வரை வந்திருந்தாள். அப்போது அன்றைய கணக்குத் தேர்வு நினைவுக்கு வந்தது. அதன் பெயரைச் சொல்லிவிட்டு, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.