பெட்டி வண்டியும் பள்ளி வாசலும்



புதிதாகப் பணியமர்த்தப்பட்டு வரும் இளம் ஆசிரியர்கள் ஆசிரியர் அறையில் முதலில் கேட்கும் கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதன்று. "ஐயா, என்ன வண்டி வாங்கலாம்?" என்பதுதான் அது. அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு விடை கிடைக்கும். கணிதம் போதிப்பவர் மாதத் தவணையைக் கணக்கிடுவார். உடற்கல்வி ஆசிரியர் இயந்திரத்தின் ஆற்றலைப் பேசுவார். யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, "பழைய கெனாரி ஒன்று பாருங்கள், பெட்டி மாதிரி இருக்கும், போதும்" என்பார். அந்தச் சிரிப்பு எனக்கு உடன்பாடானதன்று. சிறிய, பெட்டி வடிவ மகிழுந்துகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

நம் நாட்டில் இவ்வகை வண்டிகளின் வரலாறு 1993-இல் நிறுவப்பட்ட பெரோடுவாவோடு தொடங்குகிறது எனலாம். 1994 ஆகஸ்டில் 'கன்சில்' வெளிவந்தது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் முதலையையும் புலியையும் அறிவால் வெல்லும் சருகுமானின் பெயர் அது. (சிறிய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தத் தமிழாசிரியரும் சூட்டியிருக்க முடியாது!) 2000-இல் கெனாரி வந்தது, அது ஒரு பாடும் பறவையின் பெயர். கன்சில் தாழ்ந்த வண்டி. கெனாரியோ நிமிர்ந்து நிற்கும் பெட்டி. இரண்டும் 2009-இல் உற்பத்தியை விட்டு நீங்கின. ஆனாலும் தாமான்களின் ஒற்றை மாடி வீடுகளுக்கு முன்னால் அவற்றை இன்றும் காணலாம்.

இவற்றின் பிறப்பிடம் ஜப்பான். அந்நாட்டில் 'கெய்' என்னும் சிற்றுந்து வகைக்கு 1949-இலிருந்தே தனி விதி உண்டு. 1998-இலிருந்து அதன் அளவு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இயந்திரம் 660 சிசி என வரையறுக்கப்பட்டது. நீளத்தையும் அகலத்தையும் சட்டம் இறுக்கிப் பிடித்தது. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை தாராளமாக இடம் விட்டது. ஆகவே வடிவமைப்பாளர்கள் மேல்நோக்கி வளர்ந்தார்கள். 1993-இல் சுசுகி வேகன் ஆர், 1995-இல் டைஹாட்சு மூவ் எனப் பெட்டிகள் வரிசையாக வந்தன. நம் கெனாரி அந்த மூவின் வழிவந்ததே. இங்கே அதற்கு ஏறத்தாழ 1000 சிசி கொண்ட மூன்று உருளை இயந்திரம் பொருத்தப்பட்டது. இது ஏழைகளின் ஏமாற்று வண்டி என்று எண்ணுவோர், 2011-இல் வந்த ஹோண்டா என்-பாக்ஸ் என்னும் பெட்டி வண்டி ஜப்பானில் பல ஆண்டுகள் விற்பனையில் முதலிடம் பிடித்ததை அறிந்தால் வியப்படைவர்.

உயரத்தின் பயன் என்ன? மூட்டுவலி உள்ள தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்களைக் கேட்டால் தெரியும். தாழ்ந்த வண்டிக்குள் குனிந்து விழ வேண்டும். நான்கு சக்கர உந்து வண்டிக்குள் காலைத் தூக்கி ஏற வேண்டும். பெட்டி வண்டியின் இருக்கை நம் இடுப்பளவில் இருக்கிறது. திரும்பி உட்கார்ந்தால் போதும். சேலை உடுத்திய ஆசிரியைகளுக்கும் இதுவே வசதி. செங்குத்தான கண்ணாடியும் குட்டையான முன்பகுதியும் இருப்பதால் வண்டி எங்கே முடிகிறது என்பது ஓட்டுநருக்கு நன்கு புலப்படும். பழைய கடைவீதிகளில் இரண்டு வண்டிகளுக்கிடையே நுழைத்து நிறுத்துவது எளிது. பின்னிருக்கையை மடக்கினால் விளையாட்டுப் போட்டிக் கோப்பைகள், கண்காட்சி அட்டைகள், பொங்கல் பானை அனைத்தும் அடங்கும். (கரும்பு மட்டும் அடங்காது. அதற்குச் சன்னல் இருக்கிறது.)

செலவையும் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசிக்கு உட்பட்ட தனியார் மகிழுந்துக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1500 சிசி வண்டிக்கு 90 ரிங்கிட். டயர் சிறியது, எண்ணெய்ச் செலவு குறைவு, பழுது பார்க்க எந்தப் பட்டறையிலும் ஆள் உண்டு. ஒன்பது ஆண்டுத் தவணையில் பெரிய வண்டியை வாங்கிவிட்டு, எட்டாம் ஆண்டில் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே இல்லையா என்ன?

ஆனால் இந்த வண்டிக்கு எல்லை உண்டு. ஜப்பானில் விரைவுச்சாலைகளில் கெய் வகை வண்டிகளுக்கு 2000-ஆம் ஆண்டு வரை மணிக்கு 80 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அதன் பின்னரே 100 ஆக்கினார்கள். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலோ பெரும்பகுதி 110. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 90-இலிருந்து 110-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கூடுதலாகவே உயர்கிறது. எதிர்ப்போ ஏறத்தாழ பாதியளவு உயர்கிறது. நிமிர்ந்த பெட்டி, காற்றைக் கிழிப்பதில்லை, தள்ளுகிறது. பக்கத்தில் ஒரு விரைவுப் பேருந்து முந்திச் செல்லும்போது வண்டி ஓர் அடி ஒதுங்குவதைக் கெனாரி ஓட்டிய எவரும் கையில் உணர்ந்திருப்பர். 800 கிலோ அளவிலான வண்டியில் பெரியவர் நால்வரும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால் 300 கிலோ கூடிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கேமரன் மலை ஏறும்போது குளிரூட்டியை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்த தலைமுறை நாம்.

எனவே இளம் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் அன்றாடம் எது? நாள்தோறும் 16 கிலோமீட்டர் பள்ளிக்குச் சென்று திரும்புபவர், ஆண்டுக்கு 190 நாள் எனக் கொண்டாலும், 3040 கிலோமீட்டர் ஓட்டுகிறார். தீபாவளி, பொங்கல், இரண்டு விடுமுறை எனக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நான்கு முறை போய் வந்தால் ஏறக்குறைய 1600. தொலைவில் பார்த்தால் ஊர்ப்பயணம் மூன்றில் ஒரு பங்கு. நாள்களில் பார்த்தால் 190-க்கு எட்டு. அந்த எட்டு நாளுக்காக 190 நாளும் பெரிய வண்டியைச் சுமப்பதா? தனியாகவோ இருவராகவோ இருப்பவர் ஊருக்குப் பேருந்திலோ மின்தொடர்வண்டியிலோ போகலாம். அல்லது இடத்தடத்தில் 90-இல் போகலாம். வீட்டில் ஒரே வண்டி, ஐவர் குடும்பம், மாதந்தோறும் நெடும்பயணம் என்றால் இந்தப் பெட்டி ஏற்றதன்று. நான் அதற்குமேல் வாதிடுவதில்லை.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். அது நெடுஞ்சாலையில் இல்லை. நம் பள்ளி வாசலில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்குத் தோட்டமே தாய்வீடு. தோட்டங்கள் கைமாறின, மக்கள் பல தாமான்களுக்குச் சிதறினர். பள்ளி ஓரிடத்தில், பிள்ளைகள் ஒன்பது இடங்களில். வீட்டருகே தேசியப்பள்ளி இருக்க, எட்டு பத்துக் கிலோமீட்டர் தள்ளித் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் பற்றை வெறும் சொற்களால் போற்றிவிட முடியாது. பள்ளிப் பேருந்து எல்லாத் தாமானுக்கும் வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது அண்டை வீட்டு அக்காவின் சிறிய வண்டி. உரிமம் இல்லாமல் கட்டணம் பெற்று ஓட்டினால் அதற்குக் 'கெரெத்தா சாப்பு' என்று பெயர். கட்டணமின்றி ஓட்டினால் உதவி. பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வண்டிதான்.

பெட்டி வண்டியின் சிறப்பே இங்கு அதன் குற்றமாகிறது. உள்ளே இடம் இருப்பதுபோல் தோன்றுகிறது. தலைக்கு மேல் வெட்டவெளி. நின்றால்கூட இடிக்காது. ஆகவே முன்னிருக்கையில் இருவர், பின்னிருக்கையில் நால்வர், அதன் பின்னால் பைகளோடு பையாக இன்னொருவர் என ஏழு பிள்ளைகள் இறங்குவதைப் பணிமுறைக்கு நிற்கும் ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைகள் எழுவரும் சேர்ந்து 210 கிலோதான். பெரியவர் நால்வரைவிடக் குறைவு. எனவே இயந்திரம் முனகாது. மேட்டில் திணறாது. வண்டி எந்த எச்சரிக்கையும் தராது.

அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்றரை மீட்டருக்குள் நான்கு பெரியவர்களுக்கு இடம் பிடிக்கவேண்டி, பின்னிருக்கையை ஆகப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். பின்கதவு செங்குத்து. அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம்கூடத் தேறாது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அந்த முழமும் இல்லை; பின்னால் வரும் லாரிக்கும் அவனுக்கும் நடுவே ஒரு தகடுதான். நீளமான வண்டிகளில் பின்பெட்டி நசுங்கித் தாங்கும் வேலையை இங்கே எது செய்யும்?

"பள்ளிக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறோம்" என்பர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்கு ஒப்பாகும். நம் மூன்று மாடிப் பள்ளிக் கட்டடத்தின் மேல்தளக் கைப்பிடிச் சுவரில் ஒரு மாணவன் சாய்ந்தாலே நாம் பதறிக் கத்துகிறோம்.

ஆசியான் வட்டாரத்தில் புதிய வண்டிகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் திட்டம் 2011-இல்தான் அமைந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே கெனாரி நின்றுவிட்டது. ஆகவே 'இதற்கு எத்தனை நட்சத்திரம்?' என்று தேடுபவருக்கு விடை கிடையாது. சட்டமோ தெளிவாக இருக்கிறது: பின்னிருக்கை வார் 2009 ஜனவரி 1 முதலும், குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதலும் கட்டாயம். ஒன்றரை மீட்டர் அகல வண்டியில் குழந்தை இருக்கை இரண்டு வைத்துவிட்டால் நடுவில் மூன்றாவதற்கு இடமிராது.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தாயார் எழுந்து, "சார், ஏழு பேரை ஏத்தக்கூடாதுன்னா மூணு பேரை எந்தப் பள்ளிக்கு அனுப்பச் சொல்றீங்க?" என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது வீம்புக்கன்று. நம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அந்த மூவரையும் உள்ளடக்கியதுதான் என்பதைத் தலைமையாசிரியர் முதல் தோட்டக்காரர் வரை அனைவரும் அறிவர். அன்று என்னிடம் இருந்த விடை இன்றும் அதுவே: ஒரே வண்டி இரண்டு நடை ஓடட்டும். முதல் நடையில் வரும் பிள்ளைகள் அரைமணி நேரம் முன்னதாக வந்தால் நூலகத்தைத் திறந்து வைக்கவும் உடன் அமரவும் ஆசிரியர்கள் முறைவைத்துக்கொள்வோம். இரண்டாம் நடைக்கான எண்ணெய்ச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பது, பரிசளிப்பு விழாவில் ஒரு மாலையைக் குறைத்தாலே முடியக்கூடிய காரியம். அந்தத் தாயாரின் தாமானுக்கு இப்போது வண்டி இரண்டு நடை ஓடுகிறது. மற்ற தாமான்களுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கெனாரி வாங்க எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். வண்டி பார்க்கப் போகும்போது போமனை அழைத்துச் செல்வீர்கள். அவர் இயந்திரத்தைக் கேட்பார், அடியில் துரு பார்ப்பார். நீங்கள் பின்னிருக்கைக்குச் செல்லுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கைக்குத் தோலுறை மாட்டியிருப்பார்கள். பின்னிருக்கை வாரின் கொக்கிகள் அந்த உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். முந்தைய உரிமையாளர் எத்தனை ஆண்டுகளாக அவற்றைத் தொடவில்லை என்பது தூசியிலேயே தெரியும். கையை விட்டு அவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் மாட்டி, வெடுக்கென இழுத்துப் பாருங்கள். எத்தனை கொக்கி மாட்டுகிறதோ, அந்த வண்டியின் பின்னிருக்கை அத்தனை பிள்ளைகளுக்குத்தான்.