சானடோரியம் பக்கத்திலிருந்து மீனாவுக்கு

சிட்லபாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

"கிருமி என் உடம்புக்குள்ள இருக்கா, இல்லையாக்கா? ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று போனில் கேட்டாய். குரல் நடுங்கியது. ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். எழுதி அனுப்பினால் நிதானமாகப் படிப்பாய், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் ரத்தப் பரிசோதனை. ஊசியில் எடுத்த ரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களைக் கலந்து ஒரு ராத்திரி சூட்டில் வைப்பார்கள். உன் ரத்தத்தில் இருக்கிற டி செல்கள் அந்தப் புரதங்களை முன்னமே பார்த்திருந்தால் காமா இன்டர்ஃபெரான் என்ற ஒன்றைச் சுரக்கும். அதை அளந்துதான் பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். உன் டி செல்களுக்கு இந்தக் கிருமியைத் தெரியும் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா, உன் உடம்பு அதைத் துடைத்துவிட்டதா என்பதை அதுவும் சொல்லாது, இன்றைக்கு இருக்கிற வேறு எந்தப் பரிசோதனையும் சொல்லாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, உனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. உனக்கு நோய் இல்லை, மீனா. உன்னால் யாருக்கும் பரவவும் செய்யாது. உலகத்தில் நான்கில் ஒருவர் உன்னைப் போல இந்தக் கிருமியைச் சந்தித்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அப்படியானால் மாத்திரை எதற்கு என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல, அந்தக் கிருமி உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் லேபில் அதோடு பழகியவள் நான். அதன் சாமர்த்தியத்தைப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறேன்.

காசநோய் வந்திருக்கிற மாப்பிள்ளை இருமியபோது வந்த நுண்ணிய துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதில் மிகச் சிறியதுதான் நுரையீரலின் கடைசி நுனியில் இருக்கும் காற்றுப்பை வரைக்கும் போகும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தூசி, புகைக்கரி, கிருமி, எது வந்தாலும் விழுங்குவது அவற்றின் வேலை. விழுங்கியதைச் சுற்றி ஒரு பை உண்டாகும். அந்தப் பையோடு அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பை வந்து இணையும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கே முடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ விழுங்கப்படுவதை எதிர்ப்பதே இல்லை. உள்ளே போன பிறகு, அந்த இரண்டாவது பை வந்து இணையவிடாமல் தடுத்துவிடுகிறது. அதன் மேலுறையில் உள்ள கொழுப்புகளும் அது வெளியே விடுகிற புரதங்களும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. கடைசியில், தன்னைக் கொல்ல வந்த செல்லையே அது வீடாக்கிக் கொள்கிறது.

அவசரமும் அதற்குக் கிடையாது. குடலில் வாழும் ஈ. கோலை இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். லேபில் எல்.ஜே. ஸ்லோப் என்ற வளர்ப்பு ஊடகத்தில் சளியைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். வெளிர் மஞ்சளாக, கரடுமுரடாக முளைத்து வரும்போது மாதம் ஒன்று ஓடியிருக்கும். உடம்புக்குள்ளும் அப்படித்தான். நிணநீர் முடிச்சு வரை செய்தி போய், டி செல்கள் பெருகி, நுரையீரலுக்குத் திரும்பி வர எட்டு வாரம் கூட ஆகலாம். வந்த பிறகு அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரான்தான் மேக்ரோஃபேஜுகளுக்குப் பலம் கொடுக்கிறது. தடைபட்டிருந்த அமிலப் பை அப்போது இணைகிறது, கிருமிகள் சாகின்றன. மிஞ்சியவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜுகளும் டி செல்களும் திரண்டு ஒரு முடிச்சுப் போடுகின்றன. அதற்குப் பெயர் கிரானுலோமா. பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அந்த முடிச்சோடு நின்றுவிடும், சாகும்வரை தெரியவே தெரியாது. நம் ஊரில் நீறு பூத்த நெருப்பு என்று சொல்வார்களே, அப்படி. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. அதிலும் பாதிக்கு மேல் தொற்றிய முதல் இரண்டு வருஷத்துக்குள். மாப்பிள்ளை மாசக்கணக்கில் இருமியிருக்கிறார் என்பதால் உனக்கு அண்மையில்தான் தொற்றியிருக்க வேண்டும். சர்க்கரை வேறு உனக்கு இருக்கிறது, அது இந்த ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்கும். மாத்திரை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

அந்த முடிச்சைப் பற்றி இன்னொன்று. அது உடம்பு கட்டிய மதில், நல்லதை மட்டுமே செய்யும் என்றுதான் வெகுகாலம் நாங்கள் எல்லோரும் படித்தோம். லலிதா ராமகிருஷ்ணன் அந்த எண்ணத்தை அசைத்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் நோபல் பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. ஜீப்ரா மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது. காசநோய்க் கிருமியின் உறவான ஒரு மீன் கிருமியை அதற்குள் செலுத்தி, உயிரோடு இருக்கும்போதே முடிச்சு உருவாவதை நுண்ணோக்கியில் பார்த்தார். அதே 2009-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நாட்களில் அந்த முடிச்சு கிருமிக்கே உதவுவது தெரிந்தது. புதிதாக வரும் மேக்ரோஃபேஜுகள், செத்த மேக்ரோஃபேஜுகளை அவற்றுக்குள் இருக்கும் கிருமிகளோடு சேர்த்து விழுங்குகின்றன. கிருமிக்குப் புது இடம் கிடைத்துவிடுகிறது. அந்த மேக்ரோஃபேஜுகளில் சில வெளியேறிப் போய் வேறிடத்தில் அடுத்த முடிச்சைத் தொடங்குகின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பின் அழற்சி குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பதையும் அவர் குழு பின்னால் காட்டியது. மாப்பிள்ளையின் எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டிய குழி இருக்கிறதே, அதைக் கிருமி மட்டும் தோண்டவில்லை. அதை எதிர்த்த அவருடைய சொந்தச் செல்களே நுரையீரல் திசுவை அரித்துவிட்டன. அந்தக் குழி மூச்சுக்குழாயில் திறந்துகொண்டதால்தான் கிருமி இருமலில் வெளியே வந்தது. எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்பில் இப்படிக் குழி விழுவது குறைவு.

எதிர்ப்பு சக்தி போய்விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்துத் தாம்பரம் சானடோரியம் கண்ணால் பார்த்திருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு, அதையொட்டித்தான் அந்த ஆஸ்பத்திரி. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்ஐவியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிந்தைய வருஷங்களில் எச்ஐவி நோயாளிகள் எங்கிருந்தெல்லாமோ தாம்பரத்துக்கு வந்தார்கள். அந்த வைரஸ் அழிப்பது சிடி4 என்கிற டி செல்களை. காமா இன்டர்ஃபெரான் சுரந்து முடிச்சைக் காத்துக்கொண்டிருந்ததும் அவைதான். அவை குறையக் குறைய, எத்தனையோ வருஷமாக அடங்கிக் கிடந்த காசநோய் எழுந்துவிடும். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக எச்ஐவிக்கான ஏஆர்டி மருந்து கொடுக்கத் தொடங்கியபோது நாட்டின் முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்து கிடைத்ததும் செல்கள் மீண்டன, மனிதர்கள் எழுந்து நடந்தார்கள். நமக்குள் இந்தக் காவல் ஒரு நாள் கூட ஓயாமல் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து, 1928-ல். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. (ராமானுஜனுக்கு வந்தது காசநோய் இல்லை, ஈரலைத் தாக்கிய அமீபா என்று பிற்காலத்தில் ஒரு மருத்துவர் வாதிட்டிருக்கிறார்.) அன்றைக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். உடம்பு ஜெயித்தால் உண்டு. சிகிச்சை இல்லாமல் விட்டால், சளியில் கிருமி தெரிகிற நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் இறந்துவிடுவார்கள். புதுமைப்பித்தன் 1948-ல் இந்த நோயில்தான் போனார். அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆதங்கம் வரும். இன்னும் நாலைந்து வருஷம் தள்ளியிருந்தால் ஐசோனியசிட் மருந்து வந்திருக்கும்.

இப்போது உன்னிடம் கொஞ்சம் கோபமாகவே ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து, அவரைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்திருப்பதாகச் சொன்னாய். தட்டால் இந்த நோய் பரவாது, துணியால் பரவாது, கை பட்டால் பரவாது. காற்றில்தான் பரவும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் அதுவும் வேகமாகக் குறைந்துவிடும். நம் சென்னையிலேயே சேத்துப்பட்டில் 1956-ல் ஆய்வு மையம் தொடங்கி, நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள், மற்றவர்களை நெரிசலான அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டு, இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு. ஆனாலும் குணமானது கிட்டத்தட்ட சமமாகவே இருந்தது. கூட இருந்த குடும்பத்தாரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டதால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்ற வேண்டியது நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே தொற்றியிருந்தது. 1959-ல் சிகிச்சை முடிவுகள் வெளியானதும் உலகமே காசநோய் சிகிச்சையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டது. நம் ஊர் ஏழை மனிதர்கள் மருந்தை விழுங்கி நிரூபித்த உண்மை இது. அவரைக் கூடத்துக்குக் கூட்டி வா, மீனா. ஜன்னல்களைத் திறந்து வை. இருமும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல். உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

சின்ன வயசில் பிசிஜி போட்டதே, அது என்ன ஆச்சு என்று கேட்டாய். 1968 முதல் 1971 வரை, அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் பக்கம் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து அந்த ஊசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயைத் தடுப்பதால்தான் இன்னும் போடுகிறோம். ஆய்வகத்தில் பதின்மூன்று வருஷம் வளர்த்துச் சாதுவாக்கிய கிருமி அது. அந்தப் போக்கில் இரண்டு முக்கியமான புரதங்களைச் சுரக்கும் திறனை இழந்துவிட்டது. உன் ரத்தப் பரிசோதனையில் கலந்த புரதங்கள் அவைதான். அதனால் உன் பாசிட்டிவ், பிசிஜியால் வந்த குழப்பம் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் எனக்கு உன் மேல் நம்பிக்கை கிடையாது. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சினதைத் தின்கிறவள் நீ. சேத்துப்பட்டு ஆய்வுக்குப் பிறகு, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று பலரும் நினைக்கத் தொடங்கினார்கள். குணமாவதற்கு அது ஓரளவு சரி. நோய் வராமல் காக்கிற விஷயம் வேறு. ஜார்க்கண்டில் டாக்டர் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் நம் சேத்துப்பட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அது கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு. பட்டினி கிடக்கிற உடம்பில் டி செல்களும் சோர்ந்துவிடும். தினமும் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கெட்டியாகப் பருப்பு. சர்க்கரை ஏறும் என்று சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் இவற்றை வை.

தடுப்பு மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் என்று பன்னிரண்டு வாரம் கொடுப்பார்கள், அல்லது தினசரி ஆறு மாதம். எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். நீ சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு போ, சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தை அந்த வார மாத்திரை குறைத்துவிடும். அதைச் சாப்பிட்டுச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதே. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பார்.

உன் பிள்ளை கார்த்திக்குப் பரிசோதனை நெகட்டிவ் என்று நீ நிம்மதியாக இருக்கிறாய். அவன் டி செல்கள் இன்னும் திரும்பி வந்து சேராமல் இருக்கலாம், மேலே சொன்ன எட்டு வாரக் கணக்கு அதுதான். அதற்காக அவனைப் பயமுறுத்தாதே. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லி டாக்டரிடம் இப்போதே கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வை. அவன் எடையையும் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா