பத்து நிமிஷம் மூச்சுப் பிடிக்கிறவன்

ஒருவழியாக முடித்துவிட்டோம். 'டேல்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்' கம்ப்யூட்டர் விளையாட்டின் ஐந்தாவது, கடைசி பாகம். போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு. பகலெல்லாம் வாராக்கடன் ஃபைலோடு மாரடிக்கிற நாற்பத்தைந்து வயசுக்காரன் இதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: 2009 ஜூலையில் தொடங்கி டிசம்பருக்குள் டெல்டேல் கம்பெனி இதை ஐந்து பாகமாக வெளியிட்டது. சுடுவது, குதிப்பது எல்லாம் கிடையாது. கண்ணில் படுவதையெல்லாம் சொடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் கதை நகரும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கதாநாயகன் கைப்ரஷ் த்ரீப்வுட், பெரிய கடற்கொள்ளையனாகும் ஆசை மட்டும் உள்ள வெகுளி. இந்த வரிசையில் 1990ல் வந்த முதல் ஆட்டத்தில் கத்திச்சண்டையே வாய்ச்சண்டைதான். எதிராளி திட்டுவதற்குச் சரியான எதிர்த்திட்டு சொன்னால் ஜெயிக்கலாம். கவுண்டமணி கையில் கத்தியைக் கொடுத்த மாதிரி.

விளையாடுபவரை அடிக்கடி சாகடிப்பது ரான் கில்பர்ட்டுக்குப் பிடிக்காது. அதனால் அவர் செய்த அந்த முதல் ஆட்டத்தில் கைப்ரஷ் சாகவே மாட்டான். ஒரே ஒரு விதிவிலக்கு. பத்து நிமிஷம் மூச்சுப் பிடிப்பேன் என்று பீற்றிக்கொள்வான். கடலுக்கடியில் அவனை அதற்கு மேல் சும்மா விட்டுவைத்தால் போய்விடுவான்.

எனக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தபோது மகள் பதினொன்றாவது. படிப்புக்காக அவளும் அம்மாவும் புனேயிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை வங்கி விடுமுறை என்பதால், வெள்ளி ராத்திரி வண்டி ஏறுவேன். நடுவில் போன்தான்.

"சாப்டியா?"

"ம்."

"காலேஜ்?"

"ம்."

அவ்வளவுதான் எங்கள் உரையாடல். இந்த ஆட்டத்தை ஆரம்பித்த பிறகு அவளே கூப்பிட ஆரம்பித்தாள். "அப்பா, அந்தக் கதவு எப்படித் திறக்கும்னு தோணிடுச்சு!" பிசினஸ் மீட்டிங் நடுவிலும் எடுத்திருக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: விடையை நெட்டில் தேடக்கூடாது.

நாலாம் பாகத்தின் முடிவில் வில்லன் லெசக் கைப்ரஷைக் கொன்றுவிடுகிறான். ஐந்தாம் பாகம் ஆரம்பிக்கும்போதே நம்மாள் ஆவி. "சாகவே மாட்டான்னு சொன்னீங்களேப்பா?" என்று முறைத்தாள். அது முதல் ஆட்டத்தில்தான் என்று சமாளித்தேன்.

கடைசிச் சண்டையில் மாட்டிக்கொண்டோம். லெசக் அடித்துத் தூக்கி எறிந்துகொண்டே இருக்கிறான். விழுந்த இடத்தில் அடுத்த அடிக்குள் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும். மூன்று தடவை ஊருக்குப் போய் வந்தும் அதே இடம்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை திரும்பிய அன்றே நாக்பூர் அறையில் நெட்டைத் திறந்து விடையைப் பார்த்துவிட்டேன். சட்டம் போட்டவனே! பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு தடவையும் வேண்டுமென்றே தப்பான இடத்தில் சொடுக்கினேன். பன்னிரண்டாவது முடிந்துவிட்டது, ஜூனில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். ஆட்டமும் முடிந்துவிட்டால் மறுபடி "சாப்டியா", "ம்".

போன சனிக்கிழமை என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள்.

"போதும்பா. எனக்கும் விடை தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சரியான இடத்தில் சொடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் லெசக் கதை முடிந்தது.

பெயர்ப்பட்டியல் ஓடியது, அதற்குப் பிறகு ஒரு குட்டிக் காட்சியும் வந்தது. அதுவும் முடிந்து திரை கறுத்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"2022ல 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'னு இன்னொண்ணு வந்திருக்குப்பா. அந்தக் கில்பர்ட்டே பண்ணது. ஹாஸ்டல்ல வைஃபை இருக்காம்."

டெல்டேல் கம்பெனியே 2018ல் மூடப்பட்டு, பிறகு வேறொருவர் கையில் அதே பெயரில் மறுபடி வந்தது. ஆவிக்கே திரும்பி வர வழி இருக்கிறது. புது ஆட்டத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விடையை இந்தத் தடவை சத்தியமாகப் பார்க்க மாட்டேன். :)