கேள்வி

“கேள்வி” என்னுஞ் சொல் எம் மொழியில் இருபொருள் தருவது. செவியாற் கேட்டலுங் கேள்வி. ஐயுற்று வினாவுதலுங் கேள்வி. முதற்பொருளுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பழைய அமெரிக்க இசைத்தட்டொன்றைப் பன்முறை, பலரோடிருந்து கேட்ட பின்னரே, இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதன என்பதை நாம் உணர்ந்தோம்.

1927ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி நியூயோர்க் நகரில் ‘ஷோ போட்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. பாட்டுகளை ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் எழுத, ஜெரோம் கேர்ண் இசையமைத்தார். மிசிசிப்பிக் கரையிலே மூட்டை சுமக்கும் ஜோ என்னுங் கறுப்பினத் தொழிலாளி, மக்கள் படும் பாட்டைக் கண்டுங் காணாதது போல் ஓடும் நதியைப் பற்றிப் பாடுவதாக அமைந்ததே ‘ஓல் மான் றிவர்’ என்னும் பாட்டு.

அடுத்த ஆண்டில் போல் வைற்மனின் வாத்தியக்குழு அதனை இருமுறை பதிவு செய்தது. ஜனவரியிற் பிங் குறொஸ்பி பாடியது துரிதகால நடனப்பாட்டு. மார்ச்சிற் போல் றோப்சன் பாடியது காலந் தாழ்த்திய கனத்த பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் கேட்போர் முகங்களை நோக்குவது எமக்கு வழக்கமாயிற்று. முன்னதற்குக் கால்கள் தாமே தாளமிடும்; பேச்சுந் தொடரும். பின்னதில் றோப்சனின் ஆழ்ந்த குரல் எழுந்ததும் பேச்சு அடங்கிவிடும்.

கருநாடக இசையிலே தோய்ந்த முதியவர் ஒருவர், மந்தர ஸ்தாயியில் அக்குரல் நிலைபெற்று நின்றதைக் கேட்டு, ஊசியை மீண்டுந் தொடக்கத்தில் வைக்குமாறு சைகை காட்டினார். மாணவர் ஒருவர், “இஃது ஒப்பாரியா, வேலைப்பாட்டா?” என்றார். வரலாறு கற்பிக்கும் நண்பரோ முகஞ்சுளித்தார். “சுமப்பவனைச் சுமக்கவிட்டு, அவன் துயரை நாம் ஆசனத்தில் அமர்ந்து சுவைப்பதா? மூலப்பாட்டிலே அவன் இனத்தை இழித்துரைக்குஞ் சொல்லும் உண்டே!” என்றார். மெட்டின் இனிமையைக் காட்டி அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எமக்கு மனம் வரவில்லை.

அதற்கு விடை தந்தவர் பாடகரே. றோப்சனின் தந்தையார் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி விடுதலை பெற்றவர். தாம் பாடிய பாட்டைத் தாமே ஊன்றிக் கேட்ட றோப்சன், பிற்காலத்தில் இழிசொல்லை நீக்கினார். துன்பத்துக்குப் பணிந்து நின்ற மனிதனை, இறுதிவரை போராடும் மனிதனாக மாற்றினார். மெட்டு மாறவில்லை, பாடுபவனின் முதுகு நிமிர்ந்தது. 1960இல் சிட்னி ஒப்பரா மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர், சாரங்களில் ஏறியிருந்து அவர் பாடக் கேட்டனர்.

நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் றோப்சனை அறிந்த அசாமியக் கலைஞர் பூபேன் ஹசாரிகாவும் அவ்வாறே கேட்டவர். இப்பாட்டைத் தழுவித் தம் மொழியில் அவர் இயற்றிய பாட்டு, பிரமபுத்திரை நதியை விளித்து, இத்தனை துயர் கண்டும் வாளா ஓடுவதேன் என வினாவுகின்றது. செவியிற் புகுந்த கேள்வி வாயில் வினாவாய்ப் பிறந்தது!

மாணவ இளைஞர்க்கு நாங் கூற விழைவது இதுவே: இனியதைக் கேட்க மறுப்பதும் வேண்டா, கேட்டதோடு அமைவதும் வேண்டா. வரலாற்று நண்பர் இன்றும் முகஞ்சுளிக்கின்றார். அவர் வரும்போது நாமும் அத்தட்டை மறைத்து வைப்பதில்லை.